காருக்கு என்ன வருத்தம்?

தியாகலிங்கம் மெல்லத்தான் இழுத்தார். கார்க் கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. பழைய கார் பார்த்து விலை மதிப்பதில் காரைநகரில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பியிருந்தவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. காரை விற்க இருந்த அம்பலவாணர் ஸ்குறூ டிறைவர் தேடி உள்ளே போனார். அவர் மகள் மீனலோசனி தேத்தண்ணியோடு வந்தாள்.

“பிறேக் எப்படிப் பிள்ளை?”

“மனம் வந்தால் பிடிக்கும் அண்ணை.”

“மழைக்கு ஒழுகுமோ?”

“உள்ளுக்கும் குடை பிடிக்கவேணும்.”

தியாகலிங்கம் குனிந்து அடித்தட்டைத் தட்டிப் பார்த்தார். இந்த உப்புக்காற்றிலும் பொட்டுத் துருவில்லை. விற்கிற வீட்டார் புளுகித்தான் அவர் கேட்டிருக்கிறார்; இப்படிப் பழித்துக் கேட்டதில்லை. தன் கண்ணிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“பிள்ளை, உண்மையைச் சொல்லும். காருக்கு என்ன வருத்தம்?”

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒரு வருத்தமும் இல்லை அண்ணை. கைப்பிடி ஸ்குறூவை இண்டைக்குக் காலமை நான்தான் கழட்டி வைச்சனான். இதை வித்துத்தான் எனக்குச் சீதனம் குடுக்கப்போகினம். அந்த மாப்பிள்ளை எனக்கு வேண்டாம். ஐயா தேடுற ஸ்குறூ டிறைவர் என்ரை தலகணிக்குக் கீழ கிடக்கு.”