சாலை இரண்டாகத் தெரிந்தது

"இன்னும் சிகரெட்டை விடலையா?"

மனைவியின் கண்ணில் டார்ச் அடித்தபடியே டாக்டரம்மா கேட்டார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தையல்காரனுக்குச் சுருக்கென்றது. "விட்டாச்சுங்க மேடம்" என்றான், முந்திக்கொண்டு. சொல்லும்போதே குரல் பிசிறியது.

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. தன் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டான்.

"மாத்திரைக்குத் தைராய்டு அடங்கிருச்சு. கண்ணுதான் அடங்கல, முன்னைவிட மோசமா இருக்கு. புகை உள்ள போற வரைக்கும் மருந்து சரியாப் பிடிக்காது. இப்படியே போனா பஸ் ஓட்டுறத மறந்துட வேண்டியதுதான்."

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அந்த டிப்போவில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண். போன வருடம் உடம்பு இளைத்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கத் தொடங்கியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடுகிற நோய் என்றார்கள்.

பிறகு விழிகள் பிதுங்கிக்கொண்டு வந்தன. டிரைவர் முறைக்கிறாள் என்று பயணிகள் அடங்கி ஒடுங்கி ஏறுவதை அவளே சொல்லிச் சிரித்தாள். ஒருநாள் எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கியவள்தான், திரும்ப ஏறவில்லை.

சிகரெட் இந்த நோயைக் கிளறிவிடும், கண்ணை இன்னும் கெடுக்கும் என்று டாக்டரம்மா முதல் தடவையே எச்சரித்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே ஊதித் தள்ளியவன் அவன். அவள் ஒரு தடவைகூட மூக்கைச் சுளித்ததில்லை. அந்தப் பெருந்தன்மைதான் இப்போது அவனை அறுத்தது.

அன்றைக்கே விட்டான். விட்ட பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருவருடைய பேண்ட்டுக்கு இரண்டு காலையும் இடது காலாகவே வெட்டி வைத்தான். பட்டன் துளைக்குக் காஜா எடுக்க வரும் அம்மாள்மேல் எரிந்து விழுந்ததில், அவர் வேலையை விட்டே போய்விட்டார். கிராம்பை மென்று மென்று நாக்கு மரத்துப்போனது.

ஒரே ஒரு நாள் கை மீறியது. கடைக்குப் பின்னால் ஒதுங்கிப் பாதி சிகரெட்டை இழுத்துவிட்டு, மீதியை மிதித்து நசுக்கினான். அந்தப் பாதிதான் அவள் கண்ணைக் கெடுத்துவிட்டது என்று இப்போது அவனுக்கு உறுதியாகத் தோன்றியது.

திரும்பும்போது பேருந்தில் முன் இருக்கை கிடைத்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநர் பிரேக் போடுவதற்கு முன்பே அவளுடைய வலது கால் தரையை அழுத்தியது.

இறங்கி வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் சொல்லிவிட்டான். "உன்கிட்ட மறைக்கக் கூடாது. நடுவுல ஒரே ஒரு தடவை பிடிச்சேன். பாதிதான். உன் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

அவள் நின்றுவிட்டாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால்தான் அவன் ஒரே ஆளாகத் தெரிவான். பொத்திய விரல்களுக்கு இடையே நீர் கசிந்தது.

அவன் பதறிப்போனான். இனி அதைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய வாயெடுத்தான். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள்.

"இன்னும் சிகரெட்டை விடலையான்னு டாக்டரம்மா என்கிட்டதாங்க கேட்டாங்க."