மணமுறிவு ஆய்வாளரின் மகள்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நிழலாகச் சாய்த்திருக்கிறது. வேறு ஊர் வேலைக்குக் கிளம்பும் மகள் மண்டியிட்டு அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறாள். இழுக்க இழுக்க அது கிறீச்சிடுகிறது. கட்டில் விளிம்பில் பேராசிரியை அம்மா. கல்யாணங்கள் எதனால் முறிகின்றன என்று காலமெல்லாம் ஆராய்ந்தவர். மகள் கணவனை விட்டு வந்த அன்றும் வருமானம், வயசு வித்தியாசம் என்றுதான் விசாரித்தார். இன்றும் வாய் சும்மா இருக்கவில்லை. "மாப்பிள்ளைக்கு வேலை போனதுதான்டி காரணம். வேலை போன வீடுகள்ல இது சகஜம்." டேப் பாதியில் நிற்கிறது. "இருக்கலாம்மா. ஆனா நான் எதிர்ல உக்காந்தா, அவர் நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கிட்டுச் சாப்பிடுவார். அது உன் ஆராய்ச்சியில எங்க வரும்?" அம்மா தலையணை உறையின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருக்கிறார். "ஏன் வந்தேன்னு கேட்ட. அங்க எனக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல?" மகளின் குரலில் கோபமே இல்லை, அதுதான் அம்மாவுக்குச் சுருக்கென்று தைக்கிறது. முழங்கால் வலியோடு கீழே இறங்கி மகளருகே உட்காருகிறார். "இப்ப சொல்லேன்டி. எப்படி இருந்துச்சு?" வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடிக்கிறது. மகள் அம்மாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டு எழுந்திருக்கிறாள். "அப்ப சொல்லணும்போல இருந்துச்சும்மா."