ஓரத்தில் எழுதியது

கொலையாளிகளின் மனத்தைப் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தை, மூன்று மாதம் கழித்து அஸ்தினாபுரம் வாடகை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தார் தொடர்கதை எழுத்தாளர் பட்டாபிராமன்.

நூலகம் நடத்தும் அருள்மேரி பக்கங்களைப் புரட்டினாள். "ஓரத்துல பென்சில்ல தமிழ்ல எழுதியிருந்துச்சே சார்?"

"யாரோ கிறுக்கியிருந்தாங்கம்மா. ரப்பர் வச்சு சுத்தமா அழிச்சுக் கொண்டுவந்திருக்கேன்."

"என் வீட்டுக்காரர் எழுதினது சார். ஜெயில் வார்டரா இருந்தாரு. அவர் போனப்புறம் இந்த புக்கை யாருக்கும் குடுத்ததில்ல. நீங்க கதைக்குன்னு கேட்டதால குடுத்தேன்."

பட்டாபிராமன் தலைகுனிந்தார். "மன்னிச்சுக்கம்மா. எனக்குத் தெரியாது."

அருள்மேரி மேஜை இழுப்பறையிலிருந்து, வாராவாரம் கத்தரித்து வைத்திருந்த அவருடைய தொடர்கதைப் பக்கங்களை எடுத்தாள்.

"பரவால்ல சார். அவர் எழுதினதெல்லாம் ஒரு வரி மாறாம இதுல இருக்கு. அவர் கையெழுத்துதான் இல்ல."