பைக்கு என்ன குறைச்சல்?

தார்ன்பெக் ஊரில் பெற்றவர்களிடமிருந்து பிரித்து வளர்க்கப்படும் பிள்ளைகளுக்கு நகரசபைதான் தாயும் தகப்பனும். அந்தத் தாயும் தகப்பனும் மாதம் ஒருமுறை கூடி பிஸ்கட் சாப்பிடுவார்கள்.

சமூகப் பணியாளர் க்ளெனிஸ் இன்றைய கூட்டத்திலும் பிள்ளைகளுக்கு சூட்கேஸ் கேட்டாள். ஒரு வளர்ப்பு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் அவர்களின் துணிமணி குப்பைப் பையில்தான் போகிறது. போன வாரம் வாசலில் வைத்த பெத்தனி என்ற சிறுமியின் பையை நகரசபையின் குப்பை லாரியே அள்ளிக்கொண்டு போய்விட்டது. அவளிடம் இருந்த ஒரே அம்மா போட்டோ அதற்குள் இருந்தது.

“பைக்கு என்னம்மா குறைச்சல்? கெட்டியாத்தானே இருக்கு?” என்றார் தலைவர் ஆர்மராட்.

“உங்க பேத்திய லீவுக்கு அனுப்புறப்ப அதுலதான் கட்டிக் குடுப்பீங்களா தலைவரே?”

“அது வேற.”

கைகள் உயர்ந்தன. சூட்கேஸ் கிடையாது. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து வந்தார்கள்.

வெளியே கோட் மாட்டும் கொக்கிகளில் ஒருவருடைய கோட்டும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புக் குப்பைப் பை, உறுப்பினரின் பெயர்ச்சீட்டோடு தொங்கியது. ஆர்மராட் தன்னுடையதைப் பிரித்தார். கோட், பைஜாமா, கட்டிலருகே இருக்கும் மனைவியின் படம். பல் துலக்கும் பிரஷ் இன்னும் ஈரமாக இருந்தது.

“இதெல்லாம் என் வீட்டுல இருந்துச்சே!”

வாசலில் நகரசபையின் கார் உறுமிக்கொண்டு நின்றது. ஓட்டுபவர் யாரும் இல்லை. பின்கதவு திறந்திருந்தது.

“என்னை எங்க கொண்டு போறாங்க க்ளெனிஸ்?”

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் இப்படிக் கேட்டால் சொல்லும்படி நகரசபை கொடுத்திருந்த பதில் ஒன்றுதான் அவளிடம் இருந்தது.

“நல்ல இடம்தான் கண்ணு. ஏறு.”