இடது சப்பாத்துக்குள் ஒரு கல்

குகதாசன் தன் மகள் துளசிகாவின் இடது சப்பாத்துக்குள் கூரான கல்லொன்றை வைத்து நாடாவை இறுக்கினான். அவர்கள் இனத்தவர் யாரானாலும் சோதனைச்சாவடிக் கேமரா நடையை வைத்தே பிடித்துவிடும், பிள்ளைகளையும் விடாது.

“நோகுதப்பா.”

“நோகட்டும் குஞ்சு. பாலம் தாண்டுமட்டும் கல்லை எடுக்கக்கூடாது. என்ன நடந்தாலும் திரும்பிப் பாராதை.”

அவள் நொண்டி நொண்டிச் சாவடியைக் கடந்தாள். விளக்கு பச்சையாகவே இருந்தது. அடுத்து அவன் போனான். அவன் சப்பாத்திலும் கல் இருந்தது. ஆனால் நாற்பது வருட நடை கல்லுக்கு மசியவில்லை, சிவப்பு எரிந்தது.

“கூட யார் வந்தது?” சிப்பாய் துவக்குப் பிடியால் அடித்தான்.

“ஒருத்தருமில்லை.”

பாலத்தின் நடுவில் துளசிகாவுக்கு அடி விழும் சத்தம் கேட்டது. கல்லோடு ஓட முடியாமல் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அப்பாவை நோக்கி ஓடிவந்தாள்.

விளக்கு மறுபடியும் சிவந்தது.