வெறும் ஸ்கூட்டர்

கப்பலில் வரவேண்டிய பேட்டரி வரவில்லை. மின்சார ஸ்கூட்டர் அறிமுக விழாவுக்கு அமைச்சர் வந்துவிட்டார். மேடைக்கு முன்னால் சாலை நல்ல இறக்கமாக இருந்தது முதலாளிக்குக் கைகொடுத்தது.

"சும்மா உக்காரும்மா, தானா இறங்கும். கம்பெனி மானம் உன் கையில" என்று தொழிலாளி பூங்கோதையிடம் கிசுகிசுத்தார்.

அமைச்சர் கொடியசைக்க, வெறும் ஸ்கூட்டர் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"துளி சத்தமில்லையே!" என்று கூட்டம் கைதட்டியது.

நாலு வருஷமாகப் பாகங்களைச் சேர்த்து வண்டி பூட்டுகிறவள் இன்றுதான் ஓட்டுகிறாள், சிரிப்பு அடங்கவில்லை. பாதி இறக்கத்தில், கம்பெனி வாசலில் பிரேக் பிடித்தாள். கொடியோடு ஓடிவந்த அமைச்சர் வேட்டியை மடித்துக் கட்டிப் பின்னால் ஏறினார்.

"திருப்பு அம்மிணி, மேடைக்குப் போலாம். எல்லாரும் பாக்கட்டும்."

மேலே முதலாளி தலையில் கைவைத்தார்.

"மேடையில என்னங்கய்யா, நூறு பேரு. கீழ கடைவீதியே இருக்குதுங்க. நல்லாப் புடிச்சுக்குங்க" என்றபடி பூங்கோதை பிரேக்கை விட்டாள்.