வெள்ளையடிக்காத படம்

"அண்ணே, இது நான் இல்லை."

சினேகா போட்டோவைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ராம்குமார் எட்டிப் பார்த்தான்.

"நீங்கதானங்க. மூக்குத்தி, சேலை எல்லாம் உங்களுதுதானே?"

"மூக்குத்தி என்னுது. மூஞ்சி காலண்டர் லட்சுமியோடது. இம்புட்டு வெள்ளையாவா இருக்கேன் நானு?"

திருத்தங்கலுக்கு இது புதிதல்ல. காலண்டரும் பட்டாசு லேபிளும் அடித்துப் பழகிய ஊர். சிவப்பு என்றால் கண்ணைப் பறிக்க வேண்டும், முகம் என்றால் பாலில் குளித்தது மாதிரி இருக்க வேண்டும். கேட்காமலேயே வெள்ளையாக்கிக் கொடுப்பதை ஒரு மரியாதையாகவே செய்வார்கள்.

அந்த மரியாதையால் சினேகா ஒருமுறை நொந்திருந்தாள். போன வருஷம் வேறொரு ஸ்டூடியோவில் அவளுக்கு இப்படித்தான் வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். அந்தப் படத்தை நம்பி வந்த மாப்பிள்ளை வீட்டார், நேரில் பார்த்ததும் கேசரியைத் தொடாமலே எழுந்து போனார்கள். அன்றைக்கு அம்மா அழுததை அவளால் மறக்க முடியவில்லை.

இனிமேல் பெண் பார்க்கிறோம் என்று யாரும் வரக் கூடாது, முதலில் என் படத்தை என் கலரிலேயே பார்க்கட்டும், பிடித்தால் பேசட்டும் என்று தரகர் தங்கப்பாண்டியனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். அவர் மட்டும் சளைத்தவரா? படம் பிடித்த பிறகுதான் மாப்பிள்ளையின் பேரும் ஊரும் சொல்வேன் என்றார். "கலர் அச்சு அசலா வரணும்னா காசிராஜன் கடைக்குப் போம்மா" என்று வழி காட்டியதும் அவரே. அந்தக் காசிராஜனின் மகன்தான் ராம்குமார்.

"என் கலர் எதுவோ அதுவே வரணும், அண்ணே. அம்புட்டுத்தான்."

அண்ணே என்றதும் ராம்குமாரின் முகம் சுண்டியது. நாளைக்கு வரச் சொன்னான்.

மறுநாள் படம் செங்கல் நிறத்தில் இருந்தது. சினேகா அதை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் காட்டினாள். வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் லேபிளை எல்லாம் பழைய பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பழகிய கண்.

"டியூப் லைட்டுல பாத்தாலும் செங்கல், வெயில்ல பாத்தாலும் செங்கல்."

"பேப்பர் மாறிப்போச்சு. பேப்பருக்குத் தக்கன கம்ப்யூட்டர்ல செட்டிங்கை மாத்தணும். மறந்துட்டேன்."

அப்போது ஒரு பெரியவர், குலசாமி கோயிலில் எடுத்த குடும்பப் படத்தை வாங்க வந்தார். பின்வரிசையில் நின்றவரின் சட்டைக் கோடு வரை தெளிவாக இருந்தது. முதல் பிரிண்டிலேயே திருப்தியாகிக் கிளம்பினார்.

"அவுகளுக்கு மட்டும் எப்படி ஒரே தடவையில வருது?"

"மிஷினுக்கு ஆளைப் பாத்து மூடு மாறும்" என்றவன், பேச்சை மாற்றி டீ சொன்னான். "புருவத்துல தழும்பு இருக்கே, மறைச்சிரவா?"

"வேண்டாம். சின்னப் பிள்ளையில ஆனைக்குட்டம் அணையில வழுக்கி விழுந்தது. அதுவும் நாந்தான்."

"எனக்கும் மறைக்க மனசில்ல. அது இருந்தாத்தான் முகம் நல்லா இருக்கு."

ஒரு போட்டோ கடைக்காரர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. டீ ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வார்த்தை கூடவே வந்தது.

அடுத்த தடவை நிறம் சரியாக இருந்தது, முகம்தான் மங்கல். வாட்ஸ்அப்பில் அனுப்பிய சின்னப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தான்.

"பென்டிரைவ்ல ஒரிஜினல் கொடுத்தேனே அண்ணே. நிசமாவே உங்களுக்குத் தொழில் தெரியுமா?"

"தெரியும்னுதான் ஊர்ல சொல்றாக" என்று தலையைச் சொறிந்தான். அவளுக்குக் கோபப்படத் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை மதியம் நாலாவது பிரிண்ட் கைக்கு வந்தது. சினேகா வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அதே மாநிறம், அதே தழும்பு, மூக்குத்தியின் ஒற்றைக் கல்கூடத் துல்லியம். முதல்முறையாகத் தன் படத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி இந்தக் கடைக்கு வர வேலையில்லை என்பது மட்டும் ஏனோ உறுத்தியது.

அங்கிருந்தே தரகருக்குப் போன் போட்டாள்.

"படம் ரெடி. மாப்பிள்ளை வீட்டுல எப்பக் கொடுக்கப் போறீக?"

"எந்தப் படம்மா? நீ கடைக்குப் போன அன்னைக்கே உன் படம் அவுக கைக்குப் போயிருச்சே. பையனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பொண்ணும் என்னையப் பாக்கட்டும், அதுவரைக்கும் பேரைச் சொல்லாதீகன்னு அவன்தான் நிறுத்தி வச்சிருக்கான்."

சினேகா போனை மெல்ல இறக்கினாள். ராம்குமார் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து, அவள் கையிலிருந்ததற்குப் பக்கத்தில் வைத்தான். மாநிறம், தழும்பு, மூக்குத்திக் கல். இரண்டுக்கும் இம்மி வித்தியாசமில்லை.

"முத நாளே சரியா வந்துருச்சு. அப்பாவும் அம்மாவும் பாத்துட்டாக. மத்ததெல்லாம் நானாக் கெடுத்தது" என்றான் தலை நிமிராமல். "நான் உங்களைப் பாத்துட்டேன். நீங்க என்னையப் பாக்க வேண்டாமா?"

சினேகா தன் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனவள், நின்று திரும்பினாள்.

"உங்க படம் ஒண்ணு போட்டு வைங்க. எங்க அம்மாட்டக் காட்டணும்."

இந்தத் தடவை 'அண்ணே' வரவில்லை.

"வெள்ளையடிக்காமப் போடுங்க."